மூன்றாவது கியர்

வாப்பாவின் மொறிஸ் மைனரில் கியர் தண்டுக்கும் டேஷ்போர்டின் கீழுள்ள தட்டுக்கும் இடையில் ஒரு சைக்கிள் டியூப் துண்டு கட்டியிருக்கும். காரில் முதன்முதலாக ஏறுகிறவர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள். "மூணாவது கியர் நிக்காது. பாய்ஞ்சிரும். அதுக்குத்தான் கட்டியீக்கி" என்பார் வாப்பா. பிறகு, அவர்கள் கேட்காவிட்டாலும் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்: "தோட்டத்து ஃபிட்டர் ஒருத்தன் பூட்டின பெட்டி. இந்தியாவுக்குப் போற அவசரத்துல ஏனோதானோண்டு பூட்டிட்டுப் போயிட்டான்."

இந்த வாக்கியத்தை நான் முப்பது வருடம் கேட்டேன். 2009இல் வாப்பா மௌத்தான பிறகு நானே பலரிடம் சொன்னேன். அது பிழையான குற்றச்சாட்டாக இருக்கலாம் என்ற சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே எனக்குள் இருந்தது. அந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் ஏன் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கார் 1958ஆம் வருடத்துக் கார். 948 சி.சி. எஞ்சின், நான்கு கியர், ஸ்ரீ எழுத்துள்ள இலக்கத் தகடு. இந்த வகைக் காரை வரைந்தவர் அலெக் இஸிகொனிஸ். துருக்கியின் இஸ்மீர் நகரில் 1906இல் பிறந்தவர். 1948இல் வெளிவரத் தொடங்கிய மொறிஸ் மைனர், பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தைத் தொட்டது. இலங்கையில் டொக்டர், தலைமை ஆசிரியர், புரொக்டர், தோட்டத்துரை என்று ஓரளவு வசதியுள்ள எல்லார் வீட்டு முற்றத்திலும் ஒருகாலத்தில் இது நின்றது.

காணிச் சீர்திருத்தச் சட்டம் 1972இல் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. வெள்ளைக்காரத் துரைமார் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்ட காலம் அது. எங்கள் கடையில் கணக்கு வைத்திருந்த ஒரு துரை, 1974இல் தன் காரை வாப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கடை எல்ல சந்தியில் இருந்தது. அன்றைய எல்ல இன்றைய எல்ல அல்ல. ஒரு ரயில் நிலையம், ஒரு தபால் கந்தோர், ஒரு வாடிவீடு, பத்துப் பன்னிரண்டு கடைகள், எஞ்சிய நேரமெல்லாம் மூடுபனி. ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் 1921இலிருந்து ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் படம்பிடிக்க யாரும் உலகத்தின் மறுமுனையிலிருந்து வரவில்லை.

கார் வந்துவிட்டது. ஆனால் காருக்கு ஒரு நட் வாங்க வழியில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை நாடு முழுவதும் பழைய வாகனங்களைத் தட்டிக்கொட்டித்தான் ஓட்டியது. மலைநாட்டில் அந்தத் தட்டிக்கொட்டலை நன்றாக அறிந்தவர்கள் தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர்மார்தான். ரோலர் இயந்திரம் ஒருநாள் நின்றுவிட்டால் அன்று பறித்த கொழுந்து முழுவதும் நாசம். லண்டனிலிருந்து பாகம் வரும்வரை கொழுந்து காத்திருக்காது. ஆகவே அவர்கள் பாகத்தைத் தாங்களே செய்யக் கற்றிருந்தார்கள்.

அப்படி ஒருவர்தான் எங்கள் ஃபிட்டர் அண்ணன். பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. வாப்பாவை "நானா" என்பார். 1976இல் காரின் கியர் பெட்டியில் முதல் இரண்டு கியர்களிலும் ஒரு முனகல் கேட்கத் தொடங்கியபோது, வாப்பா அவரிடம்தான் சொன்னார். "லே ஷாஃப்ட் தேஞ்சிருக்கும் நானா. எறக்கிப் பாத்துருவோம். நாயித்துக்கெழம வாரேன்" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. அவருக்குச் சாவி எடுத்துக்கொடுக்கிற வேலை என்னுடையது.

லே ஷாஃப்ட் என்பது பெட்டியின் அடியில் கிடக்கும் தண்டு. அதன்மேல் பற்சக்கரக் கொத்து ஒன்று மெல்லிய ஊசி உருளைகளில் சுழல்கிறது. கொத்தின் இரு முனையிலும் வெண்கல வொஷர் இருக்கும். கொத்து முன்னும் பின்னும் அசையக்கூடிய இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிலிருந்து மூன்று பங்குக்குள் இருக்க வேண்டும். அந்த அளவைத் தீர்மானிப்பது வொஷரின் கனம். எங்கள் பெட்டியில் வொஷர் தேய்ந்து பிளேடு போல் ஆகியிருந்தது. கடையில் வாங்க இல்லை. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ஒரு வெண்கல புஷ்ஷை அறுத்து, லேத்தில் கடைந்து, பிறகு கண்ணாடித் துண்டின்மேல் எண்ணெய்த்தாள் வைத்து மணிக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அந்த வொஷரை அவர் செய்தார். தண்டை உருவினால் ஊசி உருளைகள் உதிர்ந்துவிடும் என்பதற்காக, ஒரு கொய்யாக் கம்பைத் தண்டின் பருமனுக்குச் சீவி உள்ளே செருகி வைத்தார். "கைக்கு எது கெடைக்குதோ அதுதான் தம்பி ஆயுதம்" என்றார்.

அவருடைய பெயர் இந்தியா செல்லும் பட்டியலில் இருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, மலையகத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதாகவும் இரண்டு அரசாங்கங்கள் முடிவுசெய்திருந்தன. முடிவு செய்யப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எல்ல நிலையத்தில் ரயில் ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்குவது. அந்த நாட்களில் நிலையத்தில் கேட்ட அழுகைச் சத்தத்தை எல்லயில் என் வயதுள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. ஃபிட்டர் அண்ணனின் பயணநாள், மூன்றாவது ஞாயிறு கழித்துச் செவ்வாய்க்கிழமை.

இனி என் பங்கு.

கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்களை நகர்த்தும் தண்டுகள் இருக்கின்றன. ஒரு கியர் விழுந்ததும் தண்டு அந்த இடத்திலேயே நிற்பதற்காக, அதன் பள்ளத்தில் ஒரு சிறு முளை வந்து உட்காரும். முளையை அழுத்திப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங். சுண்டுவிரலின் பாதிகூட இல்லாத ஸ்பிரிங். கழற்றியவற்றையெல்லாம் ஒரு பால்மா டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டு, காவலுக்கு என்னை வைத்திருந்தார். இரண்டாவது வாரத்தில் நான் அந்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தி அழுத்தி விளையாடினேன். அது துள்ளிப் பறந்தது. கொட்டிலின் பலகைத் தரைக்கு அடியில் எங்கோ விழுந்தது. தேடினேன். கிடைக்கவில்லை.

வாப்பா கணக்கெழுதும் பேனா, மேலே அழுத்தினால் முனை வெளியே வருகிற வகை. அதைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்து டின்னுக்குள் போட்டேன்.

கடைசி ஞாயிறு மாலை. மண்ணெண்ணெய் விளக்கு. பெட்டியைப் பூட்டி முடிக்கும் கட்டம். ஃபிட்டர் அண்ணன் என்னைப் பார்த்து, "மூணு வாரமா காவல் இருந்திருக்க. கடைசி ஸ்பிரிங்க நீயே போடு தம்பி. நாளைக்கு நான்தான் பூட்டினேன்னு நாலு பேருக்குச் சொல்லு" என்றார். நான் பேனா ஸ்பிரிங்கைக் கிறீஸில் புரட்டி எடுத்து, துளைக்குள் போட்டேன். அவர் மூடியைத் திருகி இறுக்கினார்.

திங்கட்கிழமை வாப்பா காரை எடுத்துப் பார்த்தார். முனகல் இல்லை. தண்ணீர் போல் ஓடியது. ஃபிட்டர் அண்ணன் கூலி வாங்கவில்லை. அரிசியும் சீனியும் கட்டிக்கொடுத்ததைத்தான் வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் வாப்பா தன் பேனா ஏன் எழுதவில்லை என்று உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்திற்குள் மூன்றாவது கியர் பாயத் தொடங்கியது.

எல்லயிலிருந்து வெல்லவாய இறங்குகிற வீதியை அறிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும். எல்ல கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே. வெல்லவாய இருநூறு மீற்றரை ஒட்டிய சமதரை. சுமார் 27 கிலோமீற்றருக்குள் அவ்வளவு இறக்கம். இந்த வீதியில் காரைப் பிடித்து நிறுத்துவது பிரேக்கை விட எஞ்சின்தான். தாழ்ந்த கியரில் போட்டுக் காலை எடுத்தால், சில்லுகள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்தப் பாரமே வேகத்தைக் கட்டும். ஆனால் அப்போது பற்சக்கரங்களில் விழும் விசை திசைமாறுகிறது. தண்டைப் பிடிக்கும் ஸ்பிரிங்கில் வலு இல்லையென்றால் கியர் தானாகவே கழன்று நடுநிலைக்கு வந்துவிடும். பிறகு முக்கால் தொன் இரும்புக்கு நான்கு டிரம் பிரேக் மட்டுமே துணை. சூடேறினால் அதுவும் இல்லை.

1979இல் ஒரு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், வெல்லவாயவில் இருந்த மாமி வீட்டுக்குப் போனோம். இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஒரு வளைவில் கியர் பாய்ந்தது. வாப்பா திரும்பப் போடப் பார்த்தார், விழவில்லை. பிரேக்கை மிதித்தார். எரிந்த மணம் வந்தது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மண்திட்டு. வாப்பா பிஸ்மி சொல்லிக்கொண்டே மண்திட்டில் சாய்த்தார். எங்கள் ஐந்து பேருக்கும் ஆயுள் இருந்தது. உம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கை பிறகு முழுதாகத் திரும்பவேயில்லை. ரொட்டி தட்டும்போது உம்மா வலது கையால் தட்டி, இடது கையைச் சும்மா மேலே வைத்திருப்பார். 2014இல் கபுரடங்கும்வரை அந்தக் காட்சியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சைக்கிள் டியூப் வந்தது. மூன்றாவது கியர் முன்னோக்கித் தள்ளிப் போடுவது. ஆகவே தண்டை முன்பக்கம் இழுத்துக் கட்டினால் பாயாது. ஃபிட்டரைப் பற்றிய வாக்கியமும் அதற்குப் பிறகுதான் வந்தது. பதின்மூன்று வயதுப் பையன் நான் வாய் திறக்கவில்லை. முதலில் அடிக்குப் பயம். பின்னர் வெட்கம். பின்னர் பழக்கம். "ஒரு பேனா ஸ்பிரிங்கால் இவ்வளவு நடக்குமா, ஃபிட்டரின் வேலையிலும் ஏதாவது பிழை இருந்திருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஞ்ஞான ஆசிரியனாகி, விசையும் முடுக்கமும் முப்பது வருடம் படிப்பித்த பின்னும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். "ஓடுற பெட்டியத் தொறக்க வாணாம்" என்று வாப்பா சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று.

*

திறக்க வைத்தது கியர் அல்ல, சைலன்சர்.

2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றது நினைவிருக்கும். ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர். எங்கள் மைனர் மாதக்கணக்கில் கொட்டிலிலேயே கிடந்தது. இடையிடையே பற்றரிக்காக ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்தேன். பெற்றோல் எரியும்போது ஆவியும் உண்டாகிறது. ஒரு லீற்றர் பெற்றோலிலிருந்து ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் வரும். நீண்டதூரம் ஓடினால் குழாய் சூடேறி அது வெளியே போய்விடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் சூடேறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து, அமிலமும் கலந்து, சைலன்சரின் வயிற்றில் தேங்கும். சைலன்சர் வெளியிலிருந்து அழுகுவதைவிட உள்ளிருந்து அழுகுவதுதான் அதிகம். எல்லயின் பனி மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

2023இல் ஒருநாள் பதுளைக்குப் போய்த் திரும்பும்போது பின் ஆசனத்தில் தூங்கிய பேத்தி, தலைவலி என்று எழுந்து வாந்தியெடுத்தாள். மழைக்குக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். வளைவுப் பாதை, வயிறு புரட்டியிருக்கும் என்றாள் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்கும் தலை கனத்தது. வீட்டுக்கு வந்து காரின் கீழே படுத்துப் பார்த்தேன். முன்குழாய் கியர் பெட்டிக்குப் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கியர் தண்டின் அடியில் உள்ள இறப்பர் உறை கிழிந்திருந்தது. வெளியேறிய புகை அந்தக் கிழிசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. வகுப்பில் எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! இறப்பர் உறை கிழிந்தது எதனால்? டியூப் துண்டு நாற்பது வருடமாகத் தண்டை ஒரே பக்கம் இழுத்ததால்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. பேனா ஸ்பிரிங் உம்மாவின் கையை எடுத்தது. இப்போது பேத்தியிடம் வந்திருக்கிறது.

கட்டாரில் இருக்கும் மகன் விற்றுவிடச் சொன்னான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய கார்களுக்குக்கூட நினைத்துப் பார்க்க முடியாத விலை. எல்லயில் ஒரு ஹோட்டல்காரர் மைனரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வாசலில் நிறுத்தினால் வெள்ளைக்காரர்கள் படமெடுப்பார்களாம். "கியர் பாயிறத அவருக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டேன், மகனிடம் அல்ல, எனக்குள். பொருளின் குறையை மறைத்து விற்காதே என்பது கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது. குறையைச் சொல்ல வேண்டுமென்றால், அது யாருடைய குறை என்றும் சொல்ல வேண்டும்.

ஓய்வூதியக்காரனுக்கு நேரத்திற்குப் பஞ்சமில்லை. நானே இறங்கினேன்.

முதலில் குழாய். மெனிஃபோல்டில் பிடிக்கும் போல்ட்கள் உடைந்தால் வேலை கூடிவிடும் என்பதால், மூன்று நாள் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊறவிட்டேன். இறுகிய நட்டைச் சூடாக்கி மெழுகுதிரியைத் தொட்டால் மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கும், பிறகு இலகுவாகத் திரும்பும். இது ஃபிட்டர் அண்ணன் செய்து நான் பார்த்தது. புதுக் குழாய் வளைக்கப் பண்டாரவளையில் ஒரு வயோதிப பாஸைப் பிடித்தேன். வளைக்கும் இயந்திரம் அவரிடம் இல்லை. குழாயில் காய்ந்த மணலை நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, இரு முனையிலும் மரக்கட்டை அடித்து, உலையில் சிவக்கவைத்து, பழைய குழாயை அருகில் வைத்து அதன்படி வளைத்தார். மணல் உள்ளே இருப்பதால் குழாய் நசுங்காது. மணலில் துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகி வெடிக்கும் என்று முதல்நாளே வறுத்து வைத்திருந்தார். "இனி இதைச் செய்ய ஆள் இல்லை மாத்தயா. எல்லாரும் புதுசு வாங்குறாங்க" என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். உலகம் இதை எப்போதும் இப்படிப் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயார், ஒரு காரைத் தலைமுறைக்கணக்காகப் பழுதுபார்த்து ஓட்டுவதே சிக்கனம் என்று 1982இல் ஒரு நூலே எழுதினார். 1990களில் அவர் அந்தக் காரின் தகட்டுப் பாகங்களைச் செய்விக்க வந்து சேர்ந்த இடம் இலங்கை. இங்கே செய்த பாகங்கள் இங்கிலாந்துக்குப் போயின. இல்லாமையில் பழகிய கைகளின் பெறுமதியை அவர் அறிந்திருந்தார்.

பிறகு கியர் பெட்டி. மைனரில் முன்தரையின் நடுமூடியைத் திருகாணி கழற்றித் தூக்கினால் பெட்டி காலடியில் தெரியும். காரை ஜக்கில் மட்டும் விட்டுவிட்டு அடியில் போவது தற்கொலை. ரயில் சிலிப்பர் கட்டைகளை நான்கு பக்கமும் அடுக்கினேன். எஞ்சினின் அடியில் ஒரு பலகையும் கட்டையும் முட்டுக்கொடுத்தேன். பின்தண்டைக் கழற்றி, குறுக்குச் சட்டத்தை இறக்கி, மருமகனும் நானுமாகப் பெட்டியை நேர்பின்னால் உருவினோம். பாதியில் பாரத்தைத் தொங்கவிட்டால் கிளச் பிளேட் வளைந்துவிடும். "மாமா, அறுபது வயசுல இதெல்லாம் தேவையா?" என்று மருமகன் மூச்சுவாங்கினான்.

பெட்டியை முற்றத்துப் பலகையில் வைத்து எண்ணெயை வடித்தேன். வந்தது தடித்த கியர் எண்ணெய். இந்தப் பெட்டிக்குக் கம்பனி சொன்னது எஞ்சின் எண்ணெய்தான். இடைக்காலத்தில் யாரோ, கூடுதல் தடிப்பென்றால் கூடுதல் நல்லது என்று ஊற்றியிருக்கிறார்கள். அந்த "யாரோ"வும் நானாக இருக்கலாம்.

முதலில் லே ஷாஃப்டைத்தான் பார்த்தேன். உள்ளூர ஓர் ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். அங்கே ஒரு பிழை இருந்துவிட வேண்டும் என்ற ஆசை. ஃபீலர் கேஜ் வைத்து அளந்தேன். ஆயிரத்தில் மூன்று. 47 வருட ஓட்டத்திற்குப் பிறகு, கம்பனி வகுத்த எல்லைக்குள். வொஷரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடியில் வைத்துத் தேய்த்த அந்த நுண்ணிய சுழல்கோடுகள் ஓரத்தில் இன்னும் இருந்தன. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட வெண்கலம், பொன்போல் மின்னியது.

பிறகு அந்த மூடியைத் திருகினேன். முளை வந்தது. அதன் பின்னால், எண்ணெய் குடித்துக் கறுத்து, ஒரு பக்கம் சாய்ந்து நசுங்கி, வாப்பாவின் பேனா ஸ்பிரிங் வந்தது.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மருமகன் எட்டிப் பார்த்து, "இதென்ன மாமா, பேனாக்குள்ள ஈக்கிற மாதிரி?" என்றான். முதலாவது ஆளாக அவனிடம்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "உம்மும்மாட கை?" என்று மட்டும் கேட்டான். ஆமென்று தலையாட்டினேன்.

வருடக்கணக்காகப் பாய்ந்து பாய்ந்து மூன்றாவது கியரின் கடிபற்களும் சரிவாகத் தேய்ந்திருந்தன. பஞ்சிகாவத்தையில் ஒரு உடைந்த பெட்டி வாங்கி, அதிலிருந்து பற்சக்கரத்தையும் ஸ்பிரிங்குகளையும் எடுத்தேன். பழைய லேகியக்காரர்போல எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். ஊசி உருளைகளுக்கு மீண்டும் கொய்யாக் கம்பு சீவினேன். வொஷரை மாற்றவில்லை. மாற்றத் தேவையில்லை. புது இறப்பர் உறை போட்டு, நடுமூடியின் விளிம்பெல்லாம் அடைத்து, சாம்பிராணிப் புகை காட்டி எங்கும் கசிவில்லை என்று பார்த்தேன். டியூப் துண்டை அறுத்தேன்.

*

கார் சரியாகிவிட்டது. அடுத்த வேலை அதைவிடக் கடினம்.

அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவனிடம் கேட்கலாம். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனிடம்தான் கேட்க வேண்டும். இதைச் சின்ன வயதில் ஓதப்போன இடத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஃபிட்டர் அண்ணனின் தங்கை குடும்பம் குடியுரிமை கிடைத்து இங்கேயே தங்கியது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்து லயத்துக்கு நடந்தே போனேன். மைனரில் போக மனம் வரவில்லை. தங்கையின் மகன் எல்லயில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. ஃபிட்டர் அண்ணனைப் பற்றி எங்கள் கடையில் சொல்லப்பட்டதும் தெரிந்திருந்தது. "அம்மா ஒங்க கடைக்கு ஏன் வர்றதில்லன்னு நெனச்சீங்க சேர்?" என்றார். குரலில் கடுமை இல்லை. அதனால்தான் அது வலித்தது.

ஃபிட்டர் அண்ணன் 2011இல் காலமாகிவிட்டார். நீலகிரியில், கூடலூர்ப் பக்கம். அங்கே இறங்கிய பிறகு அவர் லேத்தைத் தொடவேயில்லை, மலையில் கவ்வாத்து வெட்டினார் என்றார் மருமகன். அவருடைய மகளின் இலக்கத்தைத் தானே அழைத்து என் கையில் போனைத் தந்தார்.

நான் யார் என்று சொன்னேன். எல்லக் கடை, நானாவின் மகன் என்றதும் அந்தப் பக்கம் குரல் மாறியது.

"அப்பா சொல்லுவாருங்க. மொறிஸ் காரு. கடைசியா செஞ்ச வேல அதுதான்னு சொல்லுவாரு. ஊரிலிருந்து யாரு வந்தாலும், நானா காரு ஓடுதா, கியரு நல்லா விழுதான்னு கேப்பாரு. யாருக்கும் தெரியாது. இப்ப நல்லா விழுதாங்க?"

"இப்ப நல்லா விழுது மகள்" என்றேன். அந்த "இப்ப"வில் என் குரல் நின்றுவிட்டது. பிறகு மீதி எல்லாவற்றையும் சொன்னேன். டின், ஸ்பிரிங், பேனா, வளைவு, உம்மாவின் கை, நாங்கள் சொல்லிவந்த வாக்கியம். அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் கொஞ்சநேரம் சத்தமில்லை.

"பத்து வயசுப் புள்ளைங்கள்ல நீங்க" என்றார் கடைசியில். "ஆனா பெரியவரானப்புறமும் சொல்லலியே."

உண்மை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அந்த வார்த்தையைப் பிடுங்கி வாங்க முயலவில்லை. அவருடைய தகப்பனுக்குரியதை அவர் எப்படித் தர முடியும்? வொஷர் இன்னும் உள்ளே இருக்கிறது, ஆயிரத்தில் மூன்றுக்குள் நிற்கிறது என்று சொன்னேன். அதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். பக்கத்தில் யாருக்கோ திருப்பிச் சொன்னது கேட்டது.

பழி வாயால் பரவியது. கடை வாசலில், காரின் முன் ஆசனத்தில், கல்யாண வீடுகளில். அத்தனை வாய்களையும் தேடிப் போய் என்னால் திருத்த முடியாது. பலர் மௌத்தாகியும் விட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். 1976இல் எங்கள் காரின் கியர் பெட்டியைப் பூட்டிய தோட்டத்து ஃபிட்டர் அவசரத்தில் பூட்டவில்லை. நன்றாகப் பூட்டினார். ஒரேயொரு ஸ்பிரிங்கைத் தவிர எல்லாவற்றையும் அவரே பூட்டினார். அந்த ஒன்றைப் பூட்டியது நான்.

காரை இன்னும் விற்கவில்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்துவிட்டது. ஹோட்டல்காரர் கேட்பதை நிறுத்தவில்லை. என்றாவது கொடுத்தால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது, யார் செய்தது என்று எழுதிய ஒரு தாளையும் சேர்த்துக் கொடுப்பேன்.

2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, இதே எல்ல–வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 15 பேர் உயிரிழந்தார்கள். அதன்பிறகு பல நாட்கள் அந்தப் பக்கம் நான் காரை எடுக்கவில்லை. பிறகு ஒரு காலை தனியாக இறங்கினேன். மூன்றாவது கியரில் போட்டுக் காலை எடுத்தேன். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமி வேகத்தைக் கட்டிப்பிடித்தது. நீர்வீழ்ச்சி வந்தது. அந்த வளைவும் வந்தது. கியர் அசையவில்லை.

ஆனாலும் என் இடது கை, வெல்லவாய வரைக்கும், தண்டின்மேலேயே இருந்தது.